மச்சமா, மெலனோமாவா: ஸ்லைடை எந்த வரிசையில் பார்ப்பது

கருநிறப் புண்ணின் ஸ்லைடு மேடையில் ஏறியதும் புதியவர்களின் கை தானாக 40எக்ஸ், அதாவது 40 மடங்கு பெரிதாக்கும், லென்சுக்குப் போகும். அங்கே பெரிய உட்கரு ஒன்று கண்ணில் பட்டால் மனம் உடனே நிறமிச் செல் புற்றான மெலனோமா பக்கம் சாய்ந்துவிடும். பிறகு பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தெரியும். பார்க்கவேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழ். மெலனோமாவுக்கென்று ஒற்றை அடையாளம் எதுவும் கிடையாது. கீழே வரப்போகும் அறிகுறிகள் ஒவ்வொன்றும் ஏதாவதொரு சாதாரண மச்சத்திலும் வரும். எந்த இடத்தில், எந்த வயதில், எத்தனை அறிகுறிகள் ஒன்றுசேர்கின்றன என்ற கூட்டல் கணக்குதான் முடிவைத் தரும். அந்தக் கணக்கின் பெரும்பகுதி 4எக்ஸிலேயே முடிந்துவிடும்.

ஸ்லைடுக்கு முன்னால்

கூட வந்த படிவத்தை முதலில் படியுங்கள். வயது, உடலில் எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு காலமாக இருக்கிறது, அண்மையில் மாறியதா, அதே இடத்தில் முன்பு எதையாவது சீவியோ வெட்டியோ எடுத்தார்களா என்பவை தெரிந்தாக வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்க மறப்பார்கள். அரைகுறையாக எடுத்த மச்சம் திரும்ப முளைக்கும்போது அச்சு அசலாக மெலனோமா போலவே தோன்றும். இடமும் முக்கியம். உள்ளங்கை, உள்ளங்கால், பிறப்புறுப்பு, மார்பகம், காது, உச்சந்தலை ஆகிய இடங்களின் மச்சங்கள் இயல்பாகவே கொஞ்சம் கோணலாக இருக்கும். படிவம் காலியாக வந்தால் அனுப்பிய மருத்துவரைத் தொலைபேசியில் பிடியுங்கள்.

திசு எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். சுற்றிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நல்ல தோலோடு முழுதாக வெட்டியெடுத்ததே சிறந்த மாதிரி. பெரிய புண்ணின் ஒரு மூலையில் வட்டக் கத்தியால் குத்தி எடுத்த பஞ்ச் பயாப்ஸியில் சமச்சீரைப் பற்றியோ விளிம்பைப் பற்றியோ எதுவும் சொல்ல முடியாது. மேலோட்டமாகச் சீவிய ஷேவ் பயாப்ஸியில் அடிப்பகுதியே வெட்டுப்பட்டு, ஆழம் தெரியாமல் போய்விடும்.

திசுவைப் போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின் வேண்டும். விளிம்புகளுக்கு மை பூசி, தோல் மேற்பரப்புக்குச் செங்குத்தாக 2 முதல் 3 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, எல்லாத் துண்டுகளையும் மெழுகு பிளாக்கில் போடுங்கள். நடுத்துண்டு மட்டும் போதும் என்று விட்டால், அந்த விட்ட துண்டில்தான் ஆழமான இடம் இருக்கும். பிளாக்கில் திசு சாய்ந்து படுத்துவிட்டால் மேல்தோல் தடித்துத் தெரியும், மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையிலான எல்லைக்கோட்டில் உள்ள செல் கூட்டங்கள், அதாவது கூடுகள், அடித்தோலுக்குள் மிதப்பது போல் தோன்றும், அளக்கும் ஆழமும் பொய்யாகிவிடும். அப்படிப்பட்ட ஸ்லைடில் முடிவு எழுதாதீர்கள்; பிளாக்கை நேராகத் திருப்பிப் புதைக்கச் சொல்லுங்கள். சீவலின் தடிமன் 4 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கட்டும். அதைவிடத் தடித்தால் உட்கருக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எல்லாமே கருத்துப் பயமுறுத்தும். மெலனோமாவா என்ற கேள்விக்கு உறைசீவல், அதாவது ஃப்ரோசன், வேண்டவே வேண்டாம்.

4எக்ஸில்: உருவம்

முதல் 2 நிமிடத்துக்கு லென்சை மாற்றாதீர்கள். புண்ணின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு கிழித்ததாக நினைத்துக்கொண்டு, இடப்பக்கத்தை வலப்பக்கத்தின்மேல் மடித்துப் பாருங்கள். செல்கள் மட்டும் ஒத்துப்போனால் போதாது. நிறமியின் பரவல், லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் கூடியிருக்கும் இடம், மேல்தோலின் தடிமன் எல்லாம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒத்திருக்கின்றனவா? ஒரு பக்கம் மட்டும் கருத்து, மறுபக்கம் வெளுத்து, கீழே லிம்ஃபோசைட்டுகள் ஒரு மூலையில் மட்டும் குவிந்திருந்தால் எச்சரிக்கையாகுங்கள்.

அடுத்து விளிம்பு. மச்சம் முடியும் இடம் தெரியும்; கடைசியில் ஒரு கூடு இருக்கும், அதற்கு அப்பால் வழக்கமான தோல். மெலனோமா அப்படிச் சட்டென நிற்பதில்லை. தனித்தனி செல்களாக நீர்த்துக்கொண்டே போய், எங்கே முடிந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாமல் கரையும். அகலம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகம் கூடும். ஆனால் பிறவி மச்சங்கள் அதைவிடப் பெரிதாகவே இருக்கும், சின்ன மெலனோமாவும் உண்டு.

அடித்தோலின் மேற்பகுதியில் நூல் சிக்கல் போன்ற நீலச்சாம்பல் படிவு தெரிகிறதா? அது பல ஆண்டு வெயில் தின்ற தோல். அங்கே புதிதாக முளைத்த, எல்லைக்கோட்டை ஒட்டிய 'மச்சம்' என்றால் வெயில் தின்ற தோலில் மேல்தோலுக்குள் வளரும் மெலனோமாவான லெண்டிகோ மாலிக்னாவை நினைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

10எக்ஸில்: எல்லைக்கோடு

மேல்தோலும் அடித்தோலும் சந்திக்கும் கோட்டின் வழியே இடமிருந்து வலமாக, ரயில் பாதையைப் பின்தொடர்வது போல் நகருங்கள். வழக்கமான தோலில் அடியடுக்கின் ஏறத்தாழ 10 கெரட்டினோசைட்டுக்கு (மேல்தோலின் வழக்கமான செல்) ஒரு மெலனோசைட் (நிறமி தயாரிக்கும் செல்) இருக்கும். இடத்துக்கும் வெயிலுக்கும் தக்கபடி இது கூடும். எனவே ஒப்பிட வேண்டியது புத்தகத்து எண்ணோடு அல்ல, அதே ஸ்லைடின் ஓரத்தில் இருக்கும் நல்ல தோலோடு.

மச்சத்தில் கூடுகள் ஒரே அளவில், மேல்தோல் கீழ்நோக்கி நீட்டும் ரீட் மடிப்புகளின் நுனியில், ஏறத்தாழச் சம இடைவெளியில் தொங்கும். மெலனோமாவில் கூடுகள் சிறிதும் பெரிதுமாக, மடிப்பின் நுனி, பக்கவாட்டு, இரு மடிப்புக்கு நடுப்பகுதி என்று கண்ட இடத்தில் உட்காரும். பக்கத்துக் கூட்டோடு ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் கூடுகளைவிடத் தனிச் செல்களே அதிகமாகி, இடைவெளி விடாமல் அடியடுக்கையே அடைத்துக்கொள்ளும். அந்தத் தொடர்வரிசை மயிர்க்கால் வழியாகவும் வியர்வைக் குழல் வழியாகவும் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். லெண்டிகோ மாலிக்னாவில் இது வழக்கம். மேல்தோல் மெலிந்து, மடிப்புகள் அழிந்து, கூடுகள் நேரே அதன்மேல் அழுத்தி நிற்பதும் மெலனோமா பக்கம் எடை சேர்க்கும்.

மெலனோசைட்டுகள் அடியடுக்கை விட்டு மேல் அடுக்குகளுக்குச் சிதறி ஏறுவதைப் பேஜெட் வகைப் பரவல் என்கிறோம். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஏறிய செல் வட்டமாக இருக்கும். சைட்டோபிளாசம் வெளிறி, சில சமயம் தூசு தூவியது போன்ற மெல்லிய பழுப்பு நிறமியோடு காணப்படும். அதற்கும் பக்கத்துக் கெரட்டினோசைட்டுகளுக்கும் இடையே பாலங்கள் கிடையாது. அதனால் சுற்றிலும் மெல்லிய வெள்ளை வளையம் விழுந்திருக்கும். உட்கரு பக்கத்துச் செல்களின் உட்கருவைவிடப் பெரிது. இதையே மேல்தோலில் இருக்கும் எதிர்ப்புச் செல்லான லாங்கர்ஹான்ஸ் செல்லோடு குழப்பிக்கொள்வார்கள். லாங்கர்ஹான்ஸ் செல்லின் உட்கரு சிறியது, காப்பிக்கொட்டை போல் மடிப்புள்ளது, நிறமி இருக்காது. பதப்படுத்தும்போது சுருங்கி வெள்ளை வளையம் பெற்ற கெரட்டினோசைட்டும் ஏமாற்றும். அதில் உட்கரு கருத்துச் சுருண்டிருக்கும். பக்கத்திலும் அதே போல் வரிசையாகச் சுருங்கிய செல்கள் இருக்கும்.

ஏறியிருப்பது மெலனோசைட்தான் என்று உறுதியானாலும் அவசரம் வேண்டாம். உள்ளங்கால் மச்சத்தின் நடுவில், பெரும்பாலும் சிறுவர்களிடம் வரும் ஸ்பிட்ஸ் மச்சத்தின் நடுவில், அண்மையில் வெயிலில் வெந்த அல்லது உரசிய மச்சத்தில், தழும்பின் மேல் திரும்ப முளைத்த மச்சத்தில் சில செல்கள் ஏறியிருக்கலாம். புண்ணின் ஓரம்வரை பரவியிருப்பதும், மேல்தோலின் மேற்பகுதியில் உள்ள கிரானுலார் அடுக்கைத் தாண்டுவதும், ஏறிய செல்களே கோணலாக இருப்பதும்தான் கனமான சாட்சிகள். மேல்தோலுக்குள் பரவும் வேறு புற்றுகளான பேஜெட் நோயும் போவன் நோயும்கூட இதே தோற்றம் தரும் என்பதை மறக்க வேண்டாம்.

அடித்தோல்: முதிர்கிறதா, இல்லையா

மேலிருந்து கீழே ஒரு கிணற்றில் இறங்குவது போல் பாருங்கள். மச்சத்தில் இறங்க இறங்கக் கூடு சிறுக்கும், செல் சிறுக்கும், உட்கரு சிறுக்கும், நிறமி குறையும். அடியில் லிம்ஃபோசைட் அளவிலான தனிச் செல்கள் நாரிழைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். முதிர்ச்சி என்பது இதைத்தான். மெலனோமாவில் அடியிலும் மேலே கண்ட அதே பெரிய செல், அதே பெரிய கூடு. எல்லைக்கோட்டில் இருக்கும் மிகப் பெரிய கூட்டைவிடப் பெரிதான ஒரு கூடு அடித்தோலில் இருந்தால், அது அங்கேயே வளரும் திறன் பெற்றுவிட்டது என்று பொருள். ஆழத்தில் மறுபடியும் நிறமி அடர்வதும் நல்ல சேதியல்ல.

பிரிந்துகொண்டிருக்கும் செல்லை, அதாவது மைட்டோசிஸை, தேடும்போது எங்கே இருக்கிறது என்பதே எண்ணிக்கையைவிடப் பேசும். குழந்தைகளின் மச்சத்திலும் கர்ப்பிணிகளின் மச்சத்திலும் மேற்பகுதியில் ஒன்றிரண்டு கிடைக்கலாம். அடிமட்டத்தில் கிடைப்பதும், உருக்குலைந்த வடிவில் கிடைப்பதும்தான் கவலைக்குரியவை. சுருங்கிக் கருத்த உட்கருவை மைட்டோசிஸ் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான மைட்டோசிஸில் உட்கருச் சவ்வு இருக்காது, ஓரம் பிசிறடித்திருக்கும், சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகச் சுருங்காமல் தெளிந்திருக்கும்.

புதியவர்கள் அடிக்கடி விழும் குழி மெலனோஃபேஜ். கொட்டிக் கிடக்கும் மெலனினைத் தின்ற இந்த மேக்ரோஃபேஜ், கருகருவென்று இருப்பதாலேயே புற்றுச்செல் போல மிரட்டும். நிறமித் துகள்கள் தடித்துக் கட்டிகட்டியாக இருந்தால், உட்கரு சிறிதாக ஓரத்தில் ஒதுங்கியிருந்தால், அது மெலனோஃபேஜ். நிறமி உட்கருவையே மறைத்தால் பெர்மாங்கனேட்டும் ஆக்சாலிக் அமிலமும் கொண்டு வெளுத்து மறுபடி சாயமேற்றுங்கள். நிறமி போன பின் உட்கருவே உண்மையைச் சொல்லிவிடும்.

40எக்ஸுக்கு இப்போதுதான் முறை. பெரிய, ஒழுங்கற்ற உட்கரு, தடித்த உட்கருச் சவ்வு, செர்ரிப்பழச் சிவப்பில் பெரிய நியூக்ளியோலஸ், உட்கருவுக்குள் சைட்டோபிளாசம் புகுந்து உருவான பொய் உட்பொதிவு ஆகியவற்றைப் பாருங்கள். முன்பு சேர்த்த கணக்கை இவை உறுதி செய்யும். முன் கணக்கு பூஜ்யமாக இருக்கும்போது இவற்றை மட்டும் வைத்து மெலனோமா எழுதாதீர்கள். பழைய மச்சங்களிலும் வயதால் உட்கரு பெருத்துக் கருத்துக் கிடக்கும்.

இரு திசையிலும் ஏமாற்றுபவை

மெலனோமா வேடம் போடும் மச்சங்களில் முதலிடம் ஸ்பிட்ஸுக்கு. பெரும்பாலும் சிறுவர்கள், இளைஞர்கள். பெரிய செல்கள் மேலிருந்து கீழே மழை பெய்வது போல் செங்குத்தாக நிற்கும், கூடுகளைச் சுற்றி வெடிப்புகள் இருக்கும், மேல்தோலில் கமினோ உருண்டைகள் என்ற இளஞ்சிவப்புக் கட்டிகள் கிடைக்கும். சமச்சீரும் முதிர்ச்சியும் இருந்தால் ஸ்பிட்ஸ். ஆனால் நடுவயது தாண்டியவரிடம் அந்தப் பெயரை எழுதும் முன் இரண்டாவது கண் ஒன்று பார்க்கட்டும். திரும்ப முளைத்த மச்சத்தில் விபரீதமெல்லாம் தழும்புக்கு மேலே மட்டும் இருக்கும். தழும்பின் அகலத்தைத் தாண்டி ஓரத்துக்குப் பரவினால் மச்சம் என்ற விளக்கம் செல்லாது. முடிந்தவரை பழைய ஸ்லைடை வரவழைத்துப் பாருங்கள். சுற்றிலும் தோல் வெளுத்திருக்கும் ஹேலோ மச்சத்தில் லிம்ஃபோசைட் வெள்ளத்தில் செல்கள் வீங்கிக் கோணலாகத் தெரியும், ஆனால் வெள்ளம் சமச்சீராகப் பாய்ந்திருக்கும். ஒழுங்கு குலைந்து வளரும் டிஸ்பிளாஸ்டிக் மச்சத்தில் எல்லைக்கோட்டுப் பகுதி அடித்தோல் பகுதியைத் தாண்டி 3 ரீட் மடிப்புக்கு மேல் தோள் நீட்டும். மடிப்புகளைச் சுற்றி நாரிழை ஏடேடாகப் படிந்திருக்கும்.

எதிர்த் திசையில் ஏமாற்றுபவைதான் அதிக ஆபத்து. நெவாய்டு மெலனோமா 4எக்ஸில் சாதாரண மச்சமாகவே நடிக்கும். சமச்சீர்கூட இருக்கும். அடியில் போய்ப் பார்க்காதவர் கோட்டை விடுவார்: அங்கே செல் சிறுக்கவில்லை, மைட்டோசிஸ் சிரித்துக்கொண்டு நிற்கும். டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமா இன்னும் கெட்டிக்காரன். வயதானவர்களின் தலை, கழுத்துப் பகுதியில், நிறமியே இல்லாமல், தழும்பு போலக் கதிர்வடிவச் செல்கள் நாரிழைக்குள் ஒளிந்திருக்கும். தழும்பு என்று எழுதும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மேலே உள்ள எல்லைக்கோட்டில் மெலனோசைட்டுகள் பெருகியுள்ளனவா? நாரிழைக்குள் லிம்ஃபோசைட்டுகள் முடிச்சுமுடிச்சாக இருக்கின்றனவா? நரம்பைச் சுற்றிச் செல்கள் ஊர்கின்றனவா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மெலனோசைட்டைக் காட்டும் இம்யூனோ சாயங்களான எஸ்-100, சாக்ஸ்-10 இரண்டையும் போடுங்கள். இந்த வகையில் மெலன்-ஏ, எச்.எம்.பி.-45 இரண்டும் பெரும்பாலும் வராது. அவற்றை மட்டும் போட்டு எதிர்மறை என்று நிம்மதியாகப் படுத்துக்கொள்பவர் வசமாக மாட்டுவார்.

இம்யூனோ சாயங்கள்: எதற்கு எது

எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ ஆகியவை 'இது மெலனோசைட்டா' என்ற கேள்விக்கு மட்டும் பதில் தரும். மச்சமும் அவற்றை ஏற்கும், மெலனோமாவும் ஏற்கும். நல்லதா கெட்டதா என்பதற்கு உதவுபவை வேறு. எச்.எம்.பி.-45 மச்சத்தில் மேலே பிடித்துக் கீழே மங்கும். மெலனோமாவில் ஆழத்திலும் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். நீல மச்சம் இதற்கு விலக்கு, முழுவதும் பிடிக்கும். பெருகும் செல்லைக் காட்டும் கி-67 அடித்தோலில் மச்சத்துக்குச் சொற்பம். ஆனால் பிடித்தது லிம்ஃபோசைட்டா என்று பார்க்காமல் எண்ணினால் கணக்கு கெடும். பிரேம் சாயம் முக்கால் பங்குக்கு மேற்பட்ட உட்கருக்களில் பரவலாகப் பிடித்தால் மெலனோமாவுக்குச் சாதகம். டெஸ்மோபிளாஸ்டிக் வகையில் அது கைவிடும். மச்சம் ஒன்றிரண்டிலும் பிடிக்கும்.

நிறமி அடர்ந்த புண்ணில் பழுப்புச் சாயம் போடாதீர்கள், மெலனினா சாயமா என்று தெரியாது. சிவப்புச் சாயம் கேளுங்கள். வெயில் தின்ற தோலில் மெலன்-ஏ சைட்டோபிளாச நீட்சிகளையெல்லாம் சாயமேற்றி எண்ணிக்கையை ஊதிக்காட்டும். உட்கருவில் மட்டும் பிடிக்கும் சாக்ஸ்-10 அங்கே நேர்மையான கணக்காளர்.

அளவெடுப்பது

மெலனோமா என்று முடிவானதும் அறுவை மருத்துவர் முதலில் தேடுவது ஒரே ஒரு எண்: பிரெஸ்லோ ஆழம். 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ முன்வைத்த இந்த அளவு, கிரானுலார் அடுக்கின் மேல் விளிம்பிலிருந்து, ஊடுருவிய செல்களில் மிக ஆழமானதுவரை, மேற்பரப்புக்குச் செங்குத்தாக எடுக்கப்படுகிறது. மேல்தோல் அழிந்து புண்ணாகிப் (அல்சர்) போயிருந்தால் அந்தக் குழியின் அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டும். கண்மதிப்பு கூடாது.

ஐபீஸில், அதாவது கண் வைக்கும் லென்சில், உள்ள அளவுகோலை மேடை மைக்ரோமீட்டர் என்ற அளவு பொறித்த ஸ்லைடு கொண்டு ஒவ்வொரு லென்சுக்கும் தனித்தனியாகச் சரிபார்த்துக் குறித்து வையுங்கள். 10எக்ஸ் லென்சில் உங்கள் அளவுகோலின் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 74 கோடு என்றால் 0.74, அறிக்கையில் 0.7 மில்லிமீட்டர். 78 கோடு என்றால் 0.8. புற்றின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின் 8-ஆம் பதிப்பில், புண்ணாகாத 0.7 என்பது கட்டியின் டி நிலையில் டி1ஏ, 0.8 என்பது டி1பி, அங்கிருந்து புற்று முதலில் பரவக்கூடிய காவல் நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்க்கலாமா என்ற பேச்சு தொடங்குகிறது. நான்கே கோடு வித்தியாசம். 0.8-க்குக் குறைந்தாலும் புண்ணாகியிருந்தால் டி1பிதான். 1.0-க்கு மேல் 2.0 வரை டி2, 4.0 வரை டி3, அதற்கும் மேல் டி4.

அளவில் வழக்கமாக நேரும் பிழைகள் சில. மயிர்க்காலைச் சுற்றிக் கீழிறங்கிய செல்களை ஆழமாக எடுத்துக்கொள்வது. அடியில் கிடக்கும் பழைய மச்சத்தின் செல்களைப் புற்றோடு சேர்த்து அளப்பது. மெலனோஃபேஜ் கிடக்கும் இடம்வரை கோடு இழுப்பது. முதன்மைக் கட்டியிலிருந்து பிரிந்து கிடக்கும் சிறு புற்றுத்திட்டான நுண்துணைப் படிவை ஆழத்தில் சேர்ப்பது. கடைசியில் சொன்னதை விட்டுவிடக் கூடாது, தனியாகக் குறிப்பிட வேண்டும்.

புண்ணாதல் என்று எழுத, மேல்தோல் முழுத் தடிமனும் போயிருக்க வேண்டும், அந்த இடத்தில் ஃபைப்ரினும் நியூட்ரோஃபில்களும் இருக்க வேண்டும். மேல்தோல் இல்லை, ஆனால் எதிர்வினையும் இல்லை என்றால் அது வெட்டும்போது உரிந்த தோல். முந்தைய பயாப்ஸியின் காயத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மைட்டோசிஸ் எண்ணிக்கை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு. அதிகம் தெரியும் புலத்தில் தொடங்கி, ஒட்டியுள்ள புலங்களுக்கு நகருங்கள். எத்தனை புலம் என்பது உங்கள் ஐபீஸைப் பொறுத்தது. ஐபீஸில் பொறித்திருக்கும் புல எண் 22 என்றால் 40எக்ஸில் புலத்தின் விட்டம் 0.55 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 0.24 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 4 புலத்துக்குச் சற்று மேல் வேண்டும். புல எண் 18 என்றால் 6 புலத்துக்கு மேல் வேண்டும். இந்த எண் இப்போது டி நிலையைத் தீர்மானிப்பதில்லை, ஆனாலும் அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

அறிக்கை

வகை, பிரெஸ்லோ, புண்ணாதல், மைட்டோசிஸ், நாளத்துக்குள் ஊடுருவல், நரம்பைச் சுற்றிய பரவல், நுண்துணைப் படிவு, கட்டிக்குள் லிம்ஃபோசைட்டுகள், கட்டி தானாகக் கரைந்த பின்வாங்கல், டி நிலை ஆகியவற்றோடு விளிம்பை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: மேல்தோலுக்குள் மட்டும் உள்ள பகுதி எத்தனை மில்லிமீட்டர் தள்ளி, ஊடுருவிய பகுதி எத்தனை மில்லிமீட்டர் தள்ளி. ஷேவ் பயாப்ஸியில் அடி வெட்டுப்பட்டிருந்தால் 'குறைந்தது 0.9 மில்லிமீட்டர், அடிவிளிம்பில் கட்டி உள்ளது' என்று எழுதுங்கள். 'குறைந்தது' என்ற சொல்லை விட்டால் அடுத்த சிகிச்சை முழுதும் தவறான எண்ணின் மேல் நிற்கும்.

எல்லாம் பார்த்த பிறகும் எந்தப் பக்கமும் சாயாத புண்கள் இருக்கும். நல்ல அனுபவசாலிகளே ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத பகுதி அது. அங்கே மூன்று ஆழங்களில் புதுச் சீவல்கள் எடுத்து, எல்லா ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கிடைத்தால் தோலின் புகைப்படத்தையும் சேர்த்து, நிறமிப் புண்களையே தினமும் பார்க்கும் ஒருவருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை உங்கள் அறிக்கையில் 'தன்மை உறுதியற்ற மெலனோசைட் கட்டி' என்று பெயரிட்டு, எந்த அறிகுறி எந்தப் பக்கம் என்று இரண்டு வரி எழுதி, மெலனோமாவாக இருந்தால் ஆழம் இவ்வளவு என்ற எண்ணையும் கூடவே கொடுங்கள். இரு கருத்துக்கும் இடையே எவ்வளவு அகலமாக மறுபடி வெட்டுவது என்று தீர்மானிக்க வேண்டிய மருத்துவருக்கு அந்த எண் இல்லாமல் கை ஓடாது.